751-வது மணி நேரம்: கிளவுடில் ‘ஃப்ரீ’ வந்த கதை

இன்னைக்கு ஒரு எண்ணோட கதை. 750.

2006 மார்ச்சில் அமேசான், எஸ்3 என்ற சேமிப்புச் சேவையைத் திறந்தது. ஒரு ஜிபிக்கு மாதம் 15 சென்ட். அதே ஆகஸ்டில் இசி2 வந்தது. ஒரு சர்வர், மணிக்கு 10 சென்ட். வீட்டு கரண்ட் மீட்டர் மாதிரிதான், ஓடின அளவுக்குக் காசு. கம்ப்யூட்டரை ஒருநாள் டெலிபோன் மாதிரி பொதுச்சேவையாக விற்கலாம் என்று ஜான் மெக்கார்த்தி 1961-லேயே எம்ஐடியில் பேசியிருக்கார். சேவை வந்தது, கூடவே மீட்டரும் வந்தது.

2010 நவம்பரில் ‘ஃப்ரீ டியர்’ ஆரம்பம். புது வாடிக்கையாளருக்கு ஒரு வருஷம், மாதம் 750 மணி நேரம், ஒரு மைக்ரோ சர்வர் இலவசம். ஏன் 750? 31 நாள் மாசத்துக்கு 744 மணி நேரம். ஒரு சர்வரை முழு மாசமும் ஓடவிடலாம். ரெண்டு சர்வர் போட்டா? ரெண்டுக்கும் சேர்த்துதான் 750. பதினாறாம் தேதியே தீர்ந்துடும்.

தீர்ந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் விஷயமே. ஒண்ணும் ஆகாது! சர்வர் பாட்டுக்கு ஓடும். என்னைக் கேட்டால் அது இலவசமே இல்லை, பில்லில் கொடுத்த தள்ளுபடி. மீட்டர் முதல் நாளிலிருந்தே ஓடுது. 751-வது மணியிலிருந்து காசு. ஏன் இப்படி வெச்சாங்க? என் கணிப்பு இது: ஒரு கம்பெனிக்கு பில் ஏறுவதைவிட தீபாவளி சேல் அன்னைக்கு சைட் படுத்துடறதுதான் பெரிய பயம். அந்தக் கம்பெனிக்காகத் தைத்த சட்டையை காலேஜ் பையனுக்கும் மாட்டிவிட்டாங்க. அவன் கையில் இருப்பதோ அப்பாவோட கார்டு.

இன்னொரு கண்ணி, ‘ஸ்டாப்’ பட்டன். சர்வர் நின்னாலும் அதோட டிஸ்க் இருக்கும், அதுக்கு வாடகையும் இருக்கும். சர்வரை ‘டெர்மினேட்’ பண்ணி, மிச்சமிருக்கிற டிஸ்க்கையும் தேடி அழிக்கணும். ‘பட்ஜெட் அலர்ட்’ வெச்சிருக்கேன், பயமில்லைன்னு சிலர் சொல்வாங்க. அலர்ட் மெயில்தான் அனுப்பும். நாமா வேற ஏற்பாடு பண்ணி வைக்காத வரை எதையும் நிறுத்தாது. அந்த மெயிலும் சில மணி நேரம் தாமதமா வரலாம்.

2024-ல் ஒரு கூத்து நடந்தது. ஒரு இன்ஜினியர் எஸ்3-ல் காலி பக்கெட் ஒண்ணு வெச்சிருந்தார். ஒரே நாளில் அதுக்கு 10 கோடிக்குப் பக்கமா கோரிக்கைகள், எல்லாம் வெளியாட்கள் அனுப்பியது. அனுமதி மறுக்கப்பட்ட கோரிக்கைக்கும் கட்டணம் உண்டு என்பதால் பில் 1,300 டாலரைத் தாண்டிடுச்சு. அவர் அதை எழுதினதும் பெரிய சத்தம். மே மாசத்திலேயே அமேசான் அந்த விதியை மாத்திடுச்சு. (இதுக்கும் 14 பில்லிங் பக்கத்தைப் படிச்சிருந்தா தப்பிச்சிருக்கலாம்னு சொல்ல ஆள் இருந்தாங்க. விடுங்க.)

கூகுள் 90 நாளுக்கு 300 டாலர், அஷ்யூர் 30 நாளுக்கு 200 டாலர் கொடுக்குது. கிரெடிட் தீர்ந்தா சேவை நிற்கும். நீங்களா ‘அப்கிரேட்’ அழுத்தினால் அந்தத் தடுப்பு போயிடும். அமேசான் இந்த வழிக்கு வந்தது 2025 ஜூலை 15-ல்தான்: 200 டாலர் வரை கிரெடிட், ஆறு மாதம், ‘ஃப்ரீ பிளான்’ எடுத்தால் அதைத் தாண்டி பில் கிடையாது. ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடி திறந்த அக்கவுண்ட் எல்லாம் பழைய விதியில்தான் இருக்கு. உங்களோடது எப்போ திறந்ததுன்னு இன்னைக்கே லாகின் பண்ணிப் பாருங்க. முதல் பில் பக்கத்தில் மாசமும் வருஷமும் இருக்கும்.