மழைநீர் அளித்த சாட்சியம்

ஒரு மரத்தை வெட்டி வீழ்த்தச் சில நாழிகை போதும். அம்மரம் மண்ணுக்கும் நீருக்கும் ஆற்றிய தொண்டை அறிவதற்கோ பல்லாண்டுகள் வேண்டும். இலாபத்தின் காலக்கணக்கும் இயற்கையின் காலக்கணக்கும் மோதிய வரலாறொன்றை, ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹம்ஷயர் மாநிலத்து மலைக்காடு நமக்குக் கற்பிக்கின்றது.

வெள்ளை மலைத்தொடரிலுள்ள ஹபார்ட் புறூக் பள்ளத்தாக்கை 1955-ம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்க வனச் சேவை ஆய்வுக்காடாக்கியது. 1963-ல் போமன், லைக்கன்ஸ், ஜோன்சன், பியேர்ஸ் ஆகிய விஞ்ஞானிகள் அங்கே புதியதோர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். அப்பள்ளத்தாக்கின் அடிப்பாறை நீரை எளிதில் உட்புகவிடாதது. ஆகவே, ஒவ்வொரு சிறு நீரேந்துப் பிரதேசத்திலும் மழையும் பனியும் கொண்டுவருவது வரவு. ஓடை கொண்டுசெல்வது செலவு. வாரந்தோறும் நீரைச் சேகரித்துச் சோதித்து, காட்டின் ஐந்தொகையை அவர்கள் எழுதலாயினர்.

1965-ன் இறுதியில் 15.6 ஹெக்டேயர் பரப்புள்ள பிரதேசமொன்றில் மரங்கள் யாவும் வெட்டப்பட்டன. தொடர்ந்து 3 ஆண்டுகள் களைகொல்லி தெளித்து மீள்வளர்ச்சியும் தடுக்கப்பட்டது. விளைவு யாது? ஓடைநீரில் நைத்திரேற்றின் செறிவு 40 மடங்குக்கு மேல் உயர்ந்து, குடிநீருக்குரிய எல்லையைத் தாண்டிற்று. மண்ணின் வளத்தைக் காத்து நின்றது உயிருள்ள காடே என்பது இலக்கங்களால் நிறுவப்பட்டது.

அதனினும் பெரிய உண்மையை மழைநீர் வெளியிட்டது. 1963-ல் சேகரித்த மழைநீரில், எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 100 மடங்கு அமிலத்தன்மை காணப்பட்டது. ஆலைகளற்ற மலைக்காட்டுக்கு அமிலம் எவ்வாறு வந்தது? நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், நிலக்கரி எரித்த மின்னிலையங்களின் புகைபோக்கிகள் கக்கிய கந்தகவீரொட்சைட்டு காற்றோடு வந்து மழையோடு இறங்கியது. அயலாரைப் புகையிலிருந்து காக்கவென உயர்த்திய புகைபோக்கிகள், தீங்கைத் தொலைவிலிருந்தோர் மீது சுமத்தின. இலாபம் ஓரிடத்தில், நட்டம் பிறிதோரிடத்தில்!

1972-ல் விஞ்ஞானிகள் இதனைப் பகிரங்கப்படுத்தினர். ஆதாரம் போதாதென்றனர் மின்சார, நிலக்கரி முதலாளிகள். 1980-களில் றீகன் ஆட்சியும் மேலும் ஆராய வேண்டுமெனக் கூறிக் காலங்கடத்தியது. உண்மையை அறிவதற்காக ஆராய்ச்சி கேட்போர் உளர். அறிந்த உண்மையின்படி நடவாதிருப்பதற்காக ஆராய்ச்சி கேட்போரும் உளர். ஓரிரு ஆண்டுக் கணக்கை மட்டும் நோக்கின் அமிலம் கூடுவதாகவும் தோன்றலாம், குறைவதாகவும் தோன்றலாம். இடையறாத கணக்கு அம்மயக்கத்தைப் போக்கிற்று. 1990-ல் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டது. கந்தகப் புகை குறைந்தது; ஓடையில் சல்பேற்றும் குறைந்தது.

ஆனால், காடு உடனே தேறவில்லை. அமிலமழை பல்லாண்டுகளாக மண்ணின் கல்சியத்தைக் கரைத்துச் சென்றுவிட்டது. 1999-ல் வேறொரு நீரேந்துப் பிரதேசத்தில் கல்சியம் செறிந்த கனிமத்தூளை ஹெலிகொப்டரிலிருந்து தூவினர். அதன் பின்னர் அங்கு சீனி மேப்பிள் மரங்கள் வலுப்பெறலாயின.

1972-க்கும் 1990-க்கும் இடையே கழிந்தவை 18 ஆண்டுகள். உண்மை அறியப்பட்டிருந்தும், அதிகாரம் அதற்குச் செவிசாய்க்க அத்தனை காலம் சென்றது. அத்தாமதத்தின் விலையை மண்ணும் மரமும் செலுத்தின. பொதுப்பணத்தில் பொறுமையாக எழுதப்படும் இத்தகைய கணக்குகள் பொதுமக்களின் சொத்து. அவற்றைப் படித்துணர்ந்து மக்களிடம் கொண்டுசெல்வது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய கடமையாகும்.