சிஎஃப்ஆர் சோதனை இன்ஜின்
பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை அளக்க உலகெங்கும் பயன்படும் ஒற்றை சிலிண்டர் இன்ஜின். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் வாக்கெஷா நிறுவனம் 1928-இல் இதை உருவாக்கியது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்த விகிதத்தை 4:1 முதல் 18:1 வரை மாற்றலாம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு. கைப்பிடியைச் சுழற்றினால் சிலிண்டர் முழுவதுமாக ஏறும், இறங்கும். சோதிக்கும் பெட்ரோல் குறித்த அளவுக்குத் தட்டும்வரை, அதாவது ‘நாக்’ ஆகும்வரை, சிலிண்டரை இறக்குவார்கள். பிறகு ஐசோ-ஆக்டேன் (100), நார்மல் ஹெப்டேன் (0) கலவைகளை ஓட்டி ஒப்பிடுவார்கள். அதே அளவு தட்டும் கலவையில் ஐசோ-ஆக்டேன் 91 விழுக்காடு என்றால், பெட்ரோலின் எண்ணும் 91. நிமிடத்துக்கு 600 சுற்றில் ‘ரிசர்ச்’ எண், 900 சுற்றில் ‘மோட்டார்’ எண்.

சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் இடையே வைக்கும் ஹெட் கேஸ்கெட்டே இதில் கிடையாது. சிலிண்டரும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. நாள் முழுக்கத் தட்டல் வாங்கும் இன்ஜினுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

சாலையில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி இல்லை. அழுத்த விகிதம் கூடிய இன்ஜின் குறைந்த ஆக்டேன் பெட்ரோலில் கடுமையாகத் தட்டினால், அழுத்த அலைகள் கேஸ்கெட்டின் சிலிண்டர் வாய் வளையத்தைச் சிதைக்கும். எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகும். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயைப் பொருத்தி மெக்கானிக்குகள் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்: கார்பன் டை ஆக்சைடு பட்டதும் நீலம் மஞ்சளாகும். சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி, ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்றும் பார்ப்பதுண்டு. இன்றைய இன்ஜின்கள் பலவற்றில் பல அடுக்கு எஃகு கேஸ்கெட் உண்டு. தட்டலை உணர்ந்ததும் தீப்பொறியைத் தாமதப்படுத்தும் சென்சாரும் உண்டு.