பாலைவன நகரின் பழைய படங்கள்



அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள டூசான் ஒரு பாலைவன நகரம். அங்குள்ள அரிசோனா பல்கலைக்கழகத்தின் பழைய ஒளிப்படங்களில் என் கண் முதலில் ‘ஓல்ட் மெயின்’ கட்டடத்தையே நாடும். புதர்க்காட்டின் நடுவே அது தனித்து நிற்கிறது. வெயிலைத் தணிக்கச் சுற்றிலும் அகன்ற தாழ்வாரம். கீழ்த்தளத்தின் ஒரு பகுதி மண்ணுக்குள்.

1885ஆம் ஆண்டு சட்டமன்றம் இப்பல்கலைக்கழகத்தை ஒதுக்கியபோது ஊரார் மகிழவில்லை. அவர்கள் விரும்பியது தலைநகர் என்னும் பெருமையை. இரு சூதாட்டக்காரர்களும் ஒரு மதுக்கடைக்காரரும் 40 ஏக்கர் நிலம் வழங்கினர். 1891இல் 32 மாணவர்களுடன் வகுப்புகள் தொடங்கின. அவர்களுள் பெரும்பாலோர் உயர்நிலைக் கல்வி முடிக்காதவர்கள். ஆதலால் ஆயத்த வகுப்பும் அங்கேயே நடைபெற்றது. மாணவர் இருந்த படியிலிருந்தே கற்பித்தல் தொடங்கியது என்பது ஆசிரியராகிய நாம் எண்ணத்தக்கது.

ஊர்மக்களின் வாழ்வைக் காட்டும் படங்களும் உண்டு. மெக்சிக்க அமெரிக்கர் பெருமளவில் வாழ்ந்த பழைய குடியிருப்பின் பல தெருக்கள் 1960களின் இறுதியில் மாநாட்டு மையத்திற்காக இடிக்கப்பட்டன. ஓல்ட் மெயின் இன்றும் நிற்கிறது. அத்தெருக்களோ படங்களில் மட்டுமே எஞ்சியுள்ளன.

புகழ்பெற்ற கட்டடத்தின் வரலாற்றைப் பலர் எழுதுவர். எளியோரின் தெருவுக்கும் வகுப்பறைக்கும் படமே சான்று. ஆகவே, வீட்டிலும் பள்ளியிலும் உள்ள பழைய படங்களின் பின்புறத்தில் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றை எழுதி வைப்போம். அறிந்தவர் இருக்கும்போதே அதனைச் செய்தல் நன்று.