இலங்கையின் தேசிய வருமானக் கணக்கீடு

இலங்கையின் தேசிய வருமானக் கணக்கீடு என்பது அத்தீவு நாட்டில் ஓராண்டிலோ ஒரு காலாண்டிலோ உருவாகும் பொருட்கள், சேவைகளின் மதிப்பையும், அவற்றால் நாட்டினர் பெறும் வருமானத்தையும் அளவிடும் முறை ஆகும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் இக்கணக்குகளைத் தயாரித்து வெளியிடுகின்றது.

அளவைகள்

நாட்டின் எல்லைக்குள் கூட்டப்பட்ட மதிப்பின் மொத்தம் மொத்த உள்நாட்டு உற்பத்தி எனப்படும். எடுத்துக்காட்டாக, தேயிலைத் தொழிற்சாலையின் விற்பனை மதிப்பிலிருந்து கொழுந்து, எரிபொருள் போன்றவற்றின் விலை கழிக்கப்படும். இல்லையெனில் ஒரே பொருள் இருமுறை கணக்கில் சேர்ந்துவிடும்.

வெளிநாட்டார் நடத்தும் விடுதியின் இலாபமும் உள்நாட்டு உற்பத்தியில் அடங்கும். ஆனால் மொத்த தேசிய வருமானத்தைக் கணிக்கும்போது அது கழிக்கப்படும். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியிருக்கும் தொழிலாளர் குடும்பத்திற்கு அனுப்பும் பணம் இவ்விரண்டிலும் சேராது. செலவிடத்தக்க தேசிய வருமானத்தில் மட்டுமே சேரும். வெளிநாட்டுத் தொழிலாளர் அனுப்பிய பணம் 2020 இல் சுமார் 710 கோடி அமெரிக்க டாலராக இருந்து, 2022 இல் சுமார் 380 கோடியாகக் குறைந்தது. எனவே உள்நாட்டு உற்பத்தியை மட்டும் கொண்டு மக்களின் வாழ்நிலையை அறிய இயலாது.

தலா வருமானம்

மொத்த தேசிய வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்தால் தலா வருமானம் கிடைக்கும். 1981 க்குப் பின் தீவு முழுவதையும் உள்ளடக்கிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2012 இலேயே நடைபெற்றது. போர் காரணமாக, 2001 கணக்கெடுப்பு 25 மாவட்டங்களுள் 18 இல் மட்டுமே முழுமை பெற்றது. ஆகவே இடைப்பட்ட காலத்தில் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் மக்கள்தொகைக்கு மதிப்பீடுகளையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது.

உலக வங்கியின் வகைப்பாடு

உலக வங்கி நாடுகளைத் தலா வருமானத்தின்படி டாலர் அளவில் வகைப்படுத்துகின்றது. இதனால் உற்பத்தி குறையாவிடினும் ரூபாயின் மதிப்புச் சரிவு ஒரு நாட்டைக் கீழிறக்கக்கூடும். 4,060 டாலர் தலா வருமானத்துடன் 2019 சூலையில் இலங்கை மேல்நடுத்தர வருமான நாடானது. அடுத்த ஆண்டு வருமானம் 4,020 டாலராகக் குறைய, வரம்பு 3,996 இலிருந்து 4,046 டாலராக உயர்ந்தது. 26 டாலர் குறைவால் இலங்கை கீழ்நடுத்தர வகைக்குத் திரும்பியது. பழைய வரம்பே நீடித்திருந்தால் இம்மாற்றம் நிகழ்ந்திராது. தமிழர் வாழும் மற்றொரு தீவு நாடான மொரிசியசும் 2020 இல் உயர் வருமான நாடாகி, 2021 இல் மேல்நடுத்தர வகைக்குத் திரும்பியது.

சலுகைக் கடனுக்கான தகுதியில் தலா வருமானத்துடன் கடன் திருப்பும் திறனும் கருதப்படும். ஏப்ரல் 2022 இல் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திய இலங்கைக்கு, அவ்வாண்டு திசம்பரில் உலக வங்கி அத்தகுதியை வழங்கியது.