பச்சை குத்தும் நிலையங்களும் உடல் துளையிடும் நிலையங்களும்: சுகாதார, பாதுகாப்பு விதிகள்

தோலுக்குள் மை செலுத்தி உருவம் வரையும் கடைகளும், காது, மூக்கு, தொப்புள் முதலிய இடங்களில் துளையிட்டு அணி பூட்டும் கடைகளும் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளைப் பற்றியது இக்கட்டுரை. தமிழ்நாட்டில் இத்தொழிலுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. வேறு காரியங்களுக்காக இயற்றப்பட்ட பல சட்டங்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருக்கின்றன. ஊசி தோலில் இறங்கும் இடம் மட்டும் எந்தச் சட்டத்தின் பிடியிலும் முழுமையாக இல்லை.

எடுத்துக்காட்டாக, திருவள்ளூர் மாவட்டத்து ஆரணிக்கு (பட்டுக்குப் பேர்போன ஆரணி வேறு, அது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது) இரண்டு வேலையுமே புதிதல்ல. அருகிலுள்ள பெரியபாளையம் பவானியம்மன் கோயிலில் ஆடி மாதம் முழுக்க மொட்டையும் காதுகுத்தும் நடக்கும். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்து ஆசாரி காது குத்துவதை யாரும் மருத்துவ நிகழ்வாக எண்ணுவதில்லை. பச்சை குத்துவதும் அப்படித்தான். விளக்குக் கரியையோ பச்சிலைச் சாற்றையோ தொட்டு ஊருக்கு ஊர் குத்தி வந்தார்கள். ஒரே ஊசி எத்தனை கைகளுக்குப் போனது என்று அன்று யாரும் கேட்கவில்லை. இன்று மின்விசையில் ஓடும் மெஷின் விநாடிக்குப் பல பத்து முறை குத்துகிறது. ஊசி சுமார் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு, மேல்தோலைத் தாண்டி உள்தோல் வரை இறங்குகிறது. இரத்தம் கசியாமல் இவ்வேலை நடவாது.

கவலையெல்லாம் அந்த இரத்தத்தைப் பற்றியதுதான். நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி ஒருமுறை குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்ற வாய்ப்பு நூற்றுக்கு முப்பது வரை உண்டு; ஹெபடைடிஸ் சி சுமார் இரண்டு விழுக்காடு, எச்.ஐ.வி. 0.3 விழுக்காடு. இவை மருத்துவமனை ஊசிக்குத்துகளைக் கொண்டு கணித்தவை. பொதுப்பேச்சில் எச்.ஐ.வி. பயமே பெரிதாக இருக்கிறது. ஆனால் இக்கடைகளில் முதலில் அஞ்ச வேண்டியது ஹெபடைடிஸ் பி. உலர்ந்த இரத்தத் துளியில்கூட அக்கிருமி ஏழு நாள் வரை பிழைத்திருக்கும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது என்பதுதான் ஆறுதல். குத்துபவர் மூன்று தவணையையும் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நல்ல கடையின் அடையாளம் சுவரில் மாட்டிய படங்களில் இல்லை, மேசை மேல் இருக்கிறது. ஊசியோ காட்ரிட்ஜோ, உறை பிரிக்காததாக வந்து வாடிக்கையாளர் கண்முன்னே பிரிக்கப்பட வேண்டும். மையைச் சிறு கப்பில் ஊற்றி, மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்; புட்டிக்குள் திருப்பி ஊற்றினால் அடுத்தவருக்கும் சேர்த்து நோயை ஊற்றுவதாகும். மெஷினுக்கும் அதன் ஒயருக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டி, ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். கையுறையோடு கைப்பேசியைத் தொட்டவர் கையுறையை மாற்றாமல் வேலையைத் தொடர்ந்தால் அக்கடையை விட்டு எழுந்து வந்துவிடலாம். திரும்பப் பயன்படும் எஃகுக் கருவிகளை ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கலனில் 121 பாகை செல்சியஸில், 15 பவுண்டு அழுத்தத்தில் குறைந்தது கால் மணி நேரம் வைக்க வேண்டும். தண்ணீரில் கொதிக்கவைப்பதும் டெட்டால் தடவுவதும் இதற்கு ஈடாகா. வித்துருவில் இருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றுக்குச் சாவதில்லை.

மையைக் குழாய்த் தண்ணீரில் கலக்குவது அதிகம் பேசப்படாத ஆபத்து. கடைக்கு வருமுன்பே புட்டிக்குள் கிருமி நுழைந்திருக்கவும் கூடும். 2011 இறுதியில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஒரே கலைஞரிடம் குத்திக்கொண்ட பத்தொன்பது பேருக்கு மைக்கோபாக்டீரியம் செலோனே என்னும் கிருமியால் தோலில் தடிப்புகள் கிளம்பின. தயாரிப்பிலேயே நீர் கலந்து வந்த சாம்பல்நிற மைதான் காரணம். கடை சுத்தமாக இருந்தும் புட்டி கெடுத்தது.

துளையிடுவதில் சிக்கல் வேறு. நகைக்கடைகளிலும் அழகு நிலையங்களிலும் இருக்கும் துளையிடும் ‘கன்’ பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது. ஆட்டோகிளேவில் வைத்தால் உருகும். காதுமடலின் குருத்தெலும்பில் அது துளைப்பதில்லை, நசுக்குகிறது. அங்கே சூடோமோனாஸ் என்னும் கிருமி தொற்றினால் மடல் சுருங்கிப் போகலாம். கீழ்க்காதுத் துளை ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறும்; தொப்புளுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். கவரிங் நகையிலுள்ள நிக்கல் பலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் முதல் அணியாகத் தரமான டைட்டானியமோ தங்கமோ நல்லது.

இனிச் சட்டம். கடை நடத்த உள்ளாட்சியின் தொழில் உரிமம் தேவை. ஆரணி பேரூராட்சி என்பதால் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் இங்கே பொருந்தும். ஆனால் உரிமம் கடைக்கானது, குத்துபவரின் பயிற்சிக்கான சான்று ஆகாது. 2016 ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகள் கூர்முனைக் கழிவுக்குத் துளைபடாத வெள்ளைப் பெட்டியைக் கேட்கின்றன. அவை நோயறிதல், சிகிச்சை, தடுப்பூசி, ஆராய்ச்சி ஆகியவற்றில் உண்டாகும் கழிவையே குறிப்பதால் டாட்டூ ஊசி நழுவிவிடுகிறது. எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், 2017, தொழிலில் கணிசமான தொற்று அபாயமுள்ள நிறுவனங்கள் ஊழியருக்குப் பாதுகாப்பு உபகரணமும் பயிற்சியும் தர வேண்டும் என்கிறது. அதை இக்கடைகளுக்குப் பொருத்திக் காட்ட அதிகாரிகள் முன்வந்தால் புதிய சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அலட்சியத்தால் உயிருக்கு ஆபத்தான நோயைப் பரப்புவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 271 ஆம் பிரிவின்படி குற்றம். அது நோய் பரவிய பிறகு நீதிமன்றத்தில் பேச உதவும்.

2024 டிசம்பரில் திருச்சியில் டாட்டூ கடை ஒன்றில், மருத்துவப் படிப்பில்லாமல் நாக்கைப் பிளந்ததாக இருவர் கைது செய்யப்பட்டனர். மாநகராட்சி கடைக்குச் சீல் வைத்தது. கடையை முன்பே யாராவது சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். சமூக ஊடகத்தில் அவர்களே போட்ட காணொளிகள்தான் காட்டிக்கொடுத்தன.

மையின் உள்ளடக்கத்துக்கும் இந்தியாவில் தனித் தரம் வகுக்கப்படவில்லை. 2025 தொடக்கத்தில் கர்நாடக சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவ், சோதித்த மைகளில் 22 உலோகங்கள் காணப்பட்டதாகக் கூறி, ஒன்றிய அரசு விதி வகுக்கக் கோரப்போவதாக அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியமோ 2022 ஜனவரி முதல் டாட்டூ மையில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. பிரிட்டனில் 1969 ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு டாட்டூ குத்துவதே குற்றம்.

பச்சை குத்திக்கொண்டவரும் துளையிட்டுக்கொண்டவரும் ஓராண்டு வரை இரத்ததானம் செய்யக் கூடாது. இரத்த வங்கியில் கேட்கும்போது அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.