யாழ்ப்பாணத்துத் துகிலும் சாயவேரும்

நுண்ணிய நூலால் நெய்த மெல்லாடையைப் பண்டைத் தமிழர் துகில், கலிங்கம், அறுவை எனப் பல பெயர்களால் வழங்கினர். பொருநராற்றுப்படை அத்தகைய ஆடையொன்றைப் பாம்பின் உரிக்கு ஒப்பிடுகின்றது. இழை சென்ற வழி கண்ணுக்குப் புலனாகாத வழவழப்பே அவ்வுவமையின் உயிர். பாவுக்குக் கஞ்சியிட்டு, இழைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் வாரிவிட்ட பின்னரே நெசவாளன் தறியில் அமர்வான். துணியின் மென்மை பாவோட்டத்திலேயே பாதி முடிந்துவிடுகின்றது.

யாழ்ப்பாணத்திலும் கைக்கோளரும் சேணியரும் நெசவு செய்தனர். எனினும் துணித்தொழிலில் இந்நாட்டின் பெயரைக் கடல் கடந்து பரப்பியது தறியன்று. துணிக்குச் செந்நிறம் ஊட்டிய ஒரு வேரேயாம்.

இம்பூறல் எனப்படும் சிறுபூண்டின் வேரே சாயவேர். மன்னாரிலும் தீவுப்பகுதிகளிலும் மணற்பாங்கான நிலத்தில் அது தானாகவே முளைக்கும். உரும்பிராய், கோப்பாய் முதலிய ஊர்களின் செம்மண் புகையிலைக்கும் வாழைக்கும் உகந்தது, சாயவேருக்கு உரியதன்று. ஆயினும் குடாநாட்டின் உட்பகுதிக்கும் சாயத்தொழிலுக்கும் தொடர்பே இல்லையென்று கூறிவிட முடியாது. துணியைக் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து, படிகாரம் ஏற்றி, வேரிட்ட நீரில் காய்ச்சுவர். வேரிலுள்ள அலிசரின் என்னும் பொருள் படிகாரத்தோடும் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடும் கூடியே வெளுக்காத சிவப்பாகின்றது. சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்த நிலத்தின் கிணற்று நீர் அச்சத்தை இயல்பாகவே உடையது. பருப்பு வேகவில்லையென்று சமைப்போர் குறைகூறும் நீர் சாயக்காரனுக்கு உற்ற துணை.

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சாயவேரைத் தம் கம்பனியின் தனியுரிமையாக்கினர். தளபதி சுவார்டெக்குரூன் 1697இல் எழுதிவைத்த நிருவாகக் குறிப்பிலும் இவ்வேர் இடம்பெறுகின்றது. அதைத் தோண்டியவர் வேர்குத்திகள் எனப்பட்டனர். குனிந்தபடியே மணலைக் கிளறி, நூல்போன்ற வேர் அறாமல் எடுத்து, அவர்கள் அதனைக் கம்பனிக்கே ஒப்புவிக்கக் கடமைப்பட்டிருந்தனர். அது விருப்பத் தொழிலன்று. பிறப்பால் விதிக்கப்பட்ட ஊழியம். செந்துகிலின் பெருமையைப் பேசுவோர் உடுத்தவரையும் நெய்தவரையும் பாராட்டி, வேர்குத்தியை ஒரு வரியிலும் நினையாது விடுகின்றனர். அத்தகைய வரலாறு அரைகுறை வரலாறே.

ஆங்கிலேயரும் சிலகாலம் அத்தனியுரிமையைப் பேணினர். 1868இல் செருமானிய இரசாயனவியலாளர் கிரேபே, லீபர்மன் இருவரும் நிலக்கரித் தாரிலிருந்து பெறும் பொருளொன்றைக்கொண்டு அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். அதன்பின் வேர்ச்சாயம் உலகச் சந்தையில் நிலைக்கவில்லை. இயந்திரத் துணியின் வருகை தறிகளையும் தளரச்செய்தது. 1970ஆம் ஆண்டை அடுத்து இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது கைத்தறி மீண்டும் தலைநிமிர்ந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் அந்நிலை மாறியது.

சாயவேர் முளைக்கும் மணல் மாறவில்லை. குருதி கக்குதலுக்கும் இருமலுக்கும் மருந்தென இம்பூறலைச் சித்த வைத்தியர் இன்றும் நாடுகின்றனர்.