ஊர் என்னும் வேர்ச்சொல்லும் வண்டூரும்

எந்த ஏட்டிலும் எழுதப்படாத சொற்களை, உறவுமொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுப்பது மொழிநூலார் வழக்கம். மீட்ட சொல்லின் முன் விண்மீன் குறி ஒன்று இடுவர். ஸ்லாவிய மூலமொழிக்கு அவ்வாறு மீட்கப்பட்ட சொல் 'கொர்து'. வேலியோ அரணோ சூழ்ந்த இடம் என்பது பொருள். உருசியத்தில் அது 'கோரத்' என்று நகரமாயிற்று. செக் மொழியில் 'ஹ்ராத்' என்று கோட்டையாயிற்று. பெல்கிரேடு என்னும் பெயரின் ஈற்றில் நிற்பதும் அதுவே.

திராவிட மூலமொழியில் இதற்கு இணைவைக்கத் தக்கது 'ஊர்' என்போம். தமிழிலும் மலையாளத்திலும் ஊர். கன்னடத்திலும் தெலுங்கிலும் துளுவிலும் ஊரு. ஈற்று உகரம் ஒலித்துணையாய் ஒட்டியதே. அதனை நீக்கின் மூலவடிவம் 'ஊர்' எனத் தெளிவாகும். பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் இவ்வுறவினம் ஒருங்கே காணலாம். நெல்லூர், மைசூர், ஈழத்து நல்லூர் எனக் கிளைகள் பல. சிங்கப்பூரை இவற்றோடு சேர்த்தல் பிழை. அது 'புரம்' என்னும் வடசொல்லின் திரிபு. சுமேரியரின் ஊர் நகரத்தையும் நம் அன்பர் சிலர் சேர்த்து மகிழ்வர். ஒலியொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது.

ஸ்லாவியச் சொல் மதிலைச் சுட்டியது. நம் சொல்லோ மனிதரையும் சுட்டியது. சோழர் கல்வெட்டுகளில் 'ஊரோம்' எனக் கையொப்பமிடுவோர் நிலமுடைய குடிகள். 'ஊர் சிரிக்கும்' என்கையில் சிரிப்பது தெருவன்று. மலையாளத்தில் இச்சொல்லின் பொதுவழக்குச் சுருங்கிற்று. ஆயினும் அட்டப்பாடி மலைக்குடிகளின் குடியிருப்பு இன்றும் ஊரே, அதன் தலைவர் ஊருமூப்பரே.

இனி அந்தமானுக்கு வருவோம். 1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் ஆங்கில அரசு மாப்பிள்ளைமார் பலரை இத்தீவுகளுக்கு நாடு கடத்தியது. காடு திருத்திக் குடியேறியோர் புதிய இடங்களுக்கு விட்டுவந்த ஊர்களின் பெயர்களையே இட்டனர்: மஞ்சேரி, திரூர், மண்ணார்க்காடு, வண்டூர். மலப்புறம் மாவட்டத்து வண்டூர் இன்றும் அங்கே இருக்கிறது. அதன் பெயர் மட்டும் கடல் கடந்து வந்தது. உடைமை ஏதும் கொணர இயலாதார் கொணர்ந்த உடைமை அதுவெனலாம்.

தீவுகளின் பொதுப்பேச்சு இன்று இந்தி. 1983இல் அமைந்த கடல்சார் தேசியப் பூங்காவைக் காண வருவோர், தமக்குப் பொருள் தெரியாத 'ஊரை' வண்டூர்ப் படகுத்துறையில் நாள்தோறும் சொல்கின்றனர். 2024இல் போர்ட் பிளேயர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. புரம் அரசாணையால் வந்தது, ஊர் கைதிகளின் நாவில் வந்தது.